இந்தியாவின் சார்பில் நடராசன்

சின்னோடை ஊராட்சியின் தலைவர் பாஞ்சாலை. தேர்தல் சான்றிதழ் அப்படித்தான் சொல்கிறது. ஊராட்சி அலுவலகச் சுவரில் தொங்கும் பலகையும் அப்படித்தான் சொல்கிறது. ஊர் மட்டும் அப்படிச் சொல்வதில்லை. ஊரில் ‘பிரசிடெண்ட்டு’ என்றால் அது பாஞ்சாலையின் புருஷன் நடராசன். தலைவராகிய பாஞ்சாலையை எல்லோரும் ‘பிரசிடெண்ட் சம்சாரம்’ என்றார்கள்.

இதில் நடராசனுக்கு எந்த உறுத்தலும் இருந்ததில்லை. 2001-ல் ஊராட்சியைப் பெண்களுக்கு ஒதுக்கியபோதே, அரசாங்கம் தன்னைத்தான் சுற்றி வளைத்துக் கூப்பிடுகிறது என்று புரிந்துகொண்டவன் அவன். தேர்தல் போஸ்டரில் கைகூப்பி நின்ற பெரிய உருவம் அவனுடையது. அவன் தோளுக்குப் பின்னால், கல்யாண போட்டோவிலிருந்து வெட்டி ஒட்டிய பாஞ்சாலை, யாரோ கூப்பிட்ட மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்ததும் உறுதிமொழியை மட்டும் அவள் படித்தாள். அதற்கு மாற்று ஆள் விட வழியில்லை என்று ஒன்றிய அலுவலகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலையில் தலைவர் வழக்கம்போல் உப்பு வாரப் போய்விட்டாள். தலைவரின் கணவன் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்சி செய்யப் போனான்.

ஒரே சிக்கல் கையெழுத்து. பாஞ்சாலை எட்டாவது வரை படித்தவள்தான். ஆனால் அவள் கையெழுத்து பாத்தி வரப்பு மாதிரி நேராக, சின்னதாக, யார் வம்புக்கும் போகாமல் இருக்கும். பதவிக்கு அது பொருந்தாது என்று நடராசன் கருதினான். சில நாள் உட்கார்ந்து பழகி, ‘ந. பாஞ்சாலை’ என்பதை வேறு தரத்துக்கு உயர்த்தினான். ‘ந’ யானைத் தும்பிக்கை போல் மேலே எழும்பும். கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு கிளம்பி, திரும்பி வந்து மொத்தப் பெயரையும் தாங்கி நிற்கும். ஒன்றியத்தில், தாலுகாவில், ரேஷன் கடையில், எல்லோருக்கும் அது யார் போடுகிற கையெழுத்து என்று தெரியும். தெரிந்ததால்தான் யாரும் கேட்கவில்லை. நம் பக்கத்தில் தெரிந்த விஷயத்தைக் கேட்பது மரியாதைக் குறைவு.

கடல் ஊருக்குள் வந்து போன அந்த டிசம்பருக்குப் பிறகு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வராத ஆளில்லை. படகு கொடுக்க வந்தார்கள், பாய் கொடுக்க வந்தார்கள், ஆறுதல் கொடுக்க வந்தார்கள். வெல்வோரா என்ற வெளிநாட்டுக் கம்பெனி மட்டும் முதலீடு கொடுக்க வந்தது. காலை ஊறவைக்கிற உப்பு தயாரிப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் நாட்டில் கால் வலித்தால் வாசனை உப்புப் போட்ட வெந்நீரில் பாதத்தை வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்பார்களாம்.

“காலை உப்புத் தண்ணியில ஊற வெக்கறதுக்குக் காசு குடுப்பாங்களா?” என்றாள் பாஞ்சாலை. உப்பிலேயே நின்று நின்று அவள் பாதம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. “இங்க நாங்க தெனம் ஊறிக்கினுதான் இருக்கறோம். ஒருத்தனும் வந்து பாட்டுப் போடல.”

“உனக்கு இன்டர்நேஷனல் மார்க்கெட் தெரியாது. சும்மா இரு,” என்றான் நடராசன்.

கம்பெனிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சின்னோடை உப்பளங்களுக்கெல்லாம் கழிவெளி என்கிற உப்பங்கழியிலிருந்து உப்புத் தண்ணீர் ஒரே வாய்க்காலில்தான் வருகிறது. அந்த வாய்க்காலின் தலைப்பில் ஒரு ஷட்டர் போட்டு, தண்ணீரை முதலில் தங்கள் தொட்டிக்குத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஊராட்சிக்கு இதில் ஆட்சேபனை இல்லை என்று தலைவர் ஒரு சான்று கொடுக்க வேண்டும். மேனேஜர் வெற்றிச்செல்வன், புதுச்சேரிப் பையன், ஏப்ரல் வெயிலிலும் டை கட்டியிருந்தவன், இதை நடராசனுக்கு விளக்கினான். கூட வந்திருந்த வெளிநாட்டு டைரக்டர், வெயிலில் வெந்த இறால் நிறத்தில் இருந்தவர், குனிந்து கை கொடுத்து, ‘யுவர் எக்சலென்சி’ என்றார்.

நடராசனுக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அவனை அதுவரை யாரும் ‘எக்சலென்சி’ என்று கூப்பிட்டதில்லை. திண்டிவனம் பஸ்ஸில் கண்டக்டர் ‘யோவ் பெரிசு, உள்ள போ’ என்பான். அவ்வளவுதான். இவர்கள் ஒரு பொன்னாடை போர்த்தி, ஒரு போட்டோவும் எடுத்தார்கள். கார் பானெட்டின் மேலேயே காகிதத்தை விரித்தார்கள். இங்கிலீஷில் நிறையப் பக்கம். முதல் பக்கத்தைப் படிப்பதுபோல் பார்த்தான். கடைசிப் பக்கத்தில் யானை நிற்க இடம் இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது.

அடிக்கல் நாட்ட எம்.பி. தனகோடி வந்தார். “இந்தக் கம்பெனியின் நாட்டுக்கும் நம் நாட்டுக்கும் ஏற்பட்டிருக்கிற முதலீட்டு ஒப்பந்தம் சும்மா வந்ததல்ல. இந்தத் தனகோடி டெல்லியிலே கண் துஞ்சாது பாடுபட்டுக் கொண்டுவந்தது!” என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கூட்டம் கை தட்டியது. அப்படி ஒரு ஒப்பந்தம் இருப்பதே அன்று காலையில் வெற்றிச்செல்வன் கொடுத்த குறிப்பைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரியும் என்பதை அவரும் சொல்லவில்லை, குறிப்பும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பெருமுக்கல் வரைக்கும் பிளக்ஸ் பலகை வைத்தார்கள்: ‘ஒப்பந்தம் கண்ட உத்தமரே!’

ஷட்டர் இறங்கியது. வாய்க்கால் வறண்டது. கோடை உச்சத்தில், உப்பு பூக்க வேண்டிய நேரத்தில், பாத்திகள் வெடித்துக் கிடந்தன. மே தின கிராம சபைக்கு, வழக்கமாகக் கையெழுத்துக்கு மட்டும் தலை காட்டுகிற ஜனம், அன்றைக்குக் கூலிக்குப் போக இடமில்லாததால் முழுசாக வந்து உட்கார்ந்தது.

“ஏம்பா நடராசா,” என்று ஆரம்பித்தாள் மாரியம்மாள். முப்பது வருஷமாக உப்பளத்தில் வேலை செய்கிறவள். அவள் வாய்க்குப் பயந்து மேஸ்திரிகளே வேறு பாத்திக்கு மாறிப் போவார்கள். “வாய்க்கால்ல கதவு போட்டிருக்கறானே, அது இன்னா உங்க ஊட்டுக் கொல்லைக் கதவா?”

“அது வளர்ச்சித் திட்டம் அத்தே.”

“எது வளருது? பாத்தியில வெடிப்புதான் வளருது. ஆடு கால வுட்டா எடுக்க முடியல. யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்ட?”

“நான் எங்க போட்டேன்? தலைவர் போட்டாங்க.”

எல்லாத் தலையும் திரும்பியது. பெண்கள் வரிசையின் கடைசியில் தலைவர் உட்கார்ந்திருந்தாள்.

“நீயாடி போட்ட?” என்றாள் மாரியம்மாள்.

“தெரியலக்கா,” என்றாள் பாஞ்சாலை. “போட்டிருந்தா சொல்லியிருப்பாரே.”

கூட்டம் சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது அதில் கொஞ்சம் கோபம் மிச்சமிருந்தது. அது தன் சட்டைப் பக்கம் நகர்வதைக் கண்ட நடராசன், உடனே தாளை இழுத்து, ‘மேற்படி சான்றை இந்தச் சபை ரத்து செய்கிறது’ என்று தீர்மானம் எழுதி, அதே தும்பிக்கையை, அதே கோட்டைப் போட்டான். கம்பெனிக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று. யாரையும் பகைத்துக்கொள்ளாத கையெழுத்து தன்னுடையது என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினான்.

ஜூன் மாதம் வெற்றிச்செல்வன் ஒரு நோட்டீசோடு வந்தான். ஷட்டர் இன்னும் இறங்கியே இருந்தது. சாவி கம்பெனியிடம்.

“சார், ஒண்ணும் தப்பா எடுத்துக்காதீங்க. கேஸ் போடப் போறோம்.”

“என் மேலயா?”

“சேச்சே. இந்திய அரசாங்கத்து மேல.”

நடராசனுக்கு உயிர் வந்தது. “அதான பாத்தேன். எங்க, திண்டிவனம் கோர்ட்டுலயா?”

“திண்டிவனமும் இல்ல, டெல்லியும் இல்ல சார். வெளிநாட்டுல நடுவருங்க உக்காந்து விசாரிப்பாங்க. ஒப்பந்தத்துல அப்படித்தான் இருக்கு. முதலீடு பண்ணவனுக்கு நம்பிக்கை குடுத்துட்டு அப்புறம் மாத்தக் கூடாது. மாத்தினா அரசாங்கம் நஷ்ட ஈடு குடுக்கணும். இங்க நம்பிக்கை குடுத்தாச்சு, மாத்தியும் ஆச்சு.”

“ஏம்பா, குடுத்தது நானு, மாத்துனது நானு. இந்தியா இன்னா பண்ணுச்சு பாவம்?”

“அந்த ஒப்பந்தப்படி, ஊராட்சி பண்ணாலும் இந்தியா பண்ண மாதிரிதான். இந்த விஷயத்துல நீங்கதான் சார் இந்தியா.”

நடராசனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பாதி பயம், மீதி என்னவென்று அவனே வெளியில் சொல்ல மாட்டான். அன்று மாலை தேநீர்க் கடையில் கொடிக்கம்பம்போல் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். இரவு மறுபடி யோசித்தபோது பயம் மட்டும் மிஞ்சியது. மறுநாள் காலை எம்.பி.யைப் பார்க்கத் திண்டிவனம் போனான்.

தனகோடி பனியனோடு உட்கார்ந்து மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஐயா, நீங்க கொண்டாந்த ஒப்பந்தத்தால ஊரே காயுது. அதுல இன்னா எழுதியிருக்குதுன்னு சொன்னீங்கன்னா...”

“எந்த ஒப்பந்தம்?”

“கண் துஞ்சாம...”

“ஓ, அதுவா.” எம்.பி. கொட்டையைச் சப்பினார். “இப்ப அதைப் பத்தி ஜனங்க எப்படிப் பேசறாங்க?”

“கொண்டாந்தவன் கையில கெடைச்சா உப்பு மூட்டையில வெச்சுத் தெச்சுடறோம்னு பேசறாங்க.”

“அப்ப நான் கொண்டுவரல,” என்றார் தனகோடி சட்டென்று. “யோவ், விஷயம் தெரியாம பேசக் கூடாது. அதெல்லாம் பாராளுமன்றத்துக்கு வரவே வராதுய்யா. மந்திரி சபை இருக்குது, அதிகாரிங்க இருக்கறாங்க, அவங்களே வெளிநாட்டுக்காரனோட பேசுவாங்க, அவங்களே கையெழுத்துப் போடுவாங்க. எங்ககிட்ட ஓட்டெடுப்பு கெடையாது.”

“அப்புறமாச்சும் சொல்வாங்களா?”

“மேசையில ஒரு காப்பி வெப்பாங்க. வெச்சாலும் வெப்பாங்க.”

“நீங்க படிச்சுப் பாக்க மாட்டீங்களா?”

“அந்த மேசை எங்க இருக்குதுன்னே இன்னும் பாக்கல. எவ்வளவு பெரிய கட்டடம் தெரியுமா அது?”

“சட்டம் பண்றது நீங்கதான்னு சொல்வாங்களே ஐயா?”

“சட்டம் பண்றது நாங்கதான். ஆனா ஒப்பந்தம் பண்றது அவங்க. அவங்க பண்ண ஒப்பந்தத்துக்கு இடைஞ்சலா நாங்க சட்டம் பண்ணா வெளிநாட்டுக்காரன் கேஸ் போட்டுடுவான். புரியுதா?”

நடராசனுக்குப் புரிந்தது. புரிந்த மட்டில் மனசு குளிர்ந்தது. இத்தனை நாள் தான் செய்ததைச் சிலர் மறைவில் தப்பு என்று பேசினார்களே, பார்த்தால் டெல்லியிலேயே அதுதான் முறை! திரும்பும் வழியெல்லாம் பஸ் ஜன்னலோரத்தில் அரசியல் சாசனத்தோடு உறவு கொண்டாடிக்கொண்டு வந்தான்.

வீட்டில் பாஞ்சாலை வாசலில் உட்கார்ந்து காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். உப்பளத்தில் வேலை இல்லாததால் கூனிமேட்டுப் பக்கம் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போய் வந்திருந்தாள்.

“இன்னிக்கு எம்.பி. விளக்கமா சொன்னாரு,” என்று ஆரம்பித்தான். “நாட்டுல ரெண்டு அமைப்பு. ஒண்ணு, நிர்வாகம். அது பேசும், முடிவு பண்ணும், கையெழுத்துப் போடும். இன்னொண்ணு, பாராளுமன்றம். ஜனங்க ஓட்டுப் போட்டு ஜெயிச்சு வந்தது. அதுகிட்ட அப்புறமா சொல்வாங்க.”

“ஜெயிச்சவங்ககிட்ட அப்புறமா?”

“ஆமா.”

“அப்ப இந்த ஊட்டுல பாராளுமன்றம் நானு.”

“கரெக்ட்டு!” மனைவியின் அரசியல் அறிவு நடராசனுக்கு வியப்பாக இருந்தது.

“பாராளுமன்றத்துக்கு முதுகு வலிக்குது,” என்றாள் பாஞ்சாலை. “நிர்வாகம் எழுந்து போயி சோறு வடிக்கட்டும்.”

நிர்வாகம் பக்கத்துத் தெருவில் ஒரு அவசர வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பியது.

ஆகஸ்டில், கம்பெனியின் நோட்டீசைப் பற்றி விசாரிக்க, டெல்லியிலிருந்து சாலமன் என்ற துணைச் செயலாளர் வந்தார். திருச்சிக்காரர். ஒப்பந்தங்களைப் பேசி முடிக்கும் பிரிவில் வேலை. பல நாட்டுத் தலைநகரங்களைப் பார்த்திருக்கிறார். அந்த ஒப்பந்தங்கள் வந்து இறங்குகிற ஊரை அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்த்தார். அவர் கார் உப்பளச் சேற்றில் இறங்கிவிட, மாரியம்மாளும் இன்னும் நாலு பெண்களும் தள்ளி ஏற்றினார்கள். விசாரணையை மறுநாள், சுதந்திர தின கிராம சபையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. கூட்டமும் இருக்கும், பந்தலும் இருக்கும்.

வாய்க்கால் கரையில் ஷட்டரைப் பார்த்தபடி சாலமன் நடராசனிடம் சொன்னார்: “நமக்கு ஒரே ஒரு வழிதான் இருக்கு. நம்ம நாட்டுச் சட்டப்படி முறையா வந்த முதலீட்டைத்தான் ஒப்பந்தம் காப்பாத்தும். அந்தச் சான்று முறையா குடுத்தது இல்லன்னு ஆயிடுச்சுன்னா, கம்பெனிக்கு நிக்க இடம் இல்ல. உங்க ஊர்ல ஏதோ பேசிக்கறாங்க, தலைவர் கையெழுத்து தலைவர் போட்டது இல்லன்னு.”

“சும்மா பேசுவாங்க சார்.” நடராசன் துண்டால் கழுத்தைத் துடைத்தான். “அப்படியே இருந்தாலும்... போட்டவனுக்கு இன்னா ஆவும்?”

“அது போலீஸ் விஷயம். போலிக் கையெழுத்துன்னா உள்ள போக வேண்டியதுதான். டெல்லிக்குச் சம்பந்தம் இல்ல.”

சாலமனின் கார் போனதும் வெற்றிச்செல்வன் பைக்கில் வந்து நின்றான். “சார், நாளைக்கு மேடம் ‘ஆமா, என் கையெழுத்துதான்’னு ஒரே வார்த்தை சொன்னா போதும். உங்களுக்கும் பிரச்சினை இல்ல, எங்களுக்கும் பிரச்சினை இல்ல.”

“வாய்க்கால்?”

“வாய்க்கால்...” வெற்றிச்செல்வன் டையைச் சரிசெய்துகொண்டான். “அது இருக்குற இடத்துல இருக்கும் சார்.”

ஆக, பாஞ்சாலை ‘ஆமாம்’ என்றால் ஊருக்கு வாய்க்கால் போச்சு. ‘இல்லை’ என்றால் நடராசன் ஜெயிலுக்குப் போவான். நாலு வருஷமாக அவளுடைய ஒவ்வொரு வார்த்தையையும் தானே சொல்லிவந்தவன், இந்த ஒரு வார்த்தைக்கு அவள் வாயைப் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

அன்று அவனே போய் மீன் வாங்கி வந்தான். அவனே ஆய்ந்தான், ஒரு விரலைச் சேர்த்து. சாப்பிடும்போது கேட்டான்: “பாஞ்சால, நாளைக்குக் கேட்டா இன்னா சொல்லுவ?”

“கேக்கறப்ப சொல்றேன்.”

“இப்ப சொல்லேன்.”

“கூட்டத்துல சொல்ல வேண்டியதை ஊட்டுல சொல்லிட்டா அப்புறம் கூட்டம் எதுக்குங்க?” அவள் முள்ளை ஒதுக்கிக்கொண்டே கேட்டாள். “கொழம்புல உப்பு இல்ல. உப்பு வெளையற ஊருல ஆம்பள வெச்சா கொழம்பு இப்படித்தான் இருக்கும்போல.”

பதினைந்தாம் தேதி காலையில் எம்.பி. தனகோடி கொடியேற்றினார். ஆளுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். பந்தலில் மேசை போட்டு நாலு நாற்காலி இருந்தது. எம்.பி. ஒன்றில், சாலமன் ஒன்றில், வெற்றிச்செல்வன் ஒன்றில். நாலாவது, அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த தலைவர் நாற்காலி; அதில் நடராசன் வழக்கம்போல் போய் உட்கார்ந்தான்.

சாலமன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “நீங்க?”

“நான்... தலைவரோட...”

“அப்ப தலைவர்?”

கூட்டத்திலிருந்து பாஞ்சாலை எழுந்து வந்தாள். நடராசன் எழுந்து நின்றான். அந்த நாற்காலி இத்தனை வருஷத்தில் அவன் உடம்புக்கு ஏற்றமாதிரி பள்ளம் விழுந்திருந்தது. அவள் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எங்கே நிற்பது என்று தெரியாமல், அவன் மைக் செட்காரன் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

சாலமன் சான்றின் கடைசிப் பக்கத்தை அவள் முன்னால் தள்ளினார். “அம்மா, நிதானமா பாத்துச் சொல்லுங்க. இது உங்க கையெழுத்தா?”

பாஞ்சாலை பார்த்தாள். நடராசன் அவளைப் பார்த்தான். 

“அழகாத்தான் இருக்குது,” என்றாள். “ஆனா என்னுது இல்ல.”

நடராசன் எட்டி மைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். சாலமன் முகம் தீபாவளி மாதிரி மலர்ந்தது. எழுதத் தொடங்கினார்.

வெற்றிச்செல்வன் எழுந்தான். “ஒரு நிமிஷம் சார். மேடம், மே ஒண்ணாம் தேதி எங்க சான்றை ரத்து பண்ணி ஒரு தீர்மானம் இருக்கு. அந்தக் கையெழுத்து?”

அதையும் பார்த்தாள். “அதுவும் என்னுது இல்ல.”

“அப்ப ரத்தும் செல்லாது!”

“செல்லாது.”

“ஷட்டர் இருக்கும்!”

“இருங்க தம்பி, முடிக்கல. அதுக்கு முன்னாடி நாலு வருஷமா இந்த ஊராட்சியில இருந்து போன எதுவுமே என்னுது இல்ல. ஒண்ணே ஒண்ணு, அந்த உறுதிமொழி மட்டும் நான் படிச்சது.”

சாலமனின் பேனா நின்றது. பந்தலில் ஒரு முணுமுணுப்பு கிளம்பிச் சத்தமானது. “ஏம்மா, அப்ப என் ஊட்டுக்குக் குடுத்த பிளான்?” “என் பையன் பொறந்த சர்டிபிகேட்டு?” “அப்ப அவன் பொறக்கவே இல்லையா?” “தெரு லைட்டு?” எம்.பி. தனகோடி உட்கார்ந்தபடியே நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார். ஊருக்குத் தான் ஒதுக்கிய நிதியெல்லாம் எந்தக் கையெழுத்தில் செலவானது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

“அம்மா,” என்றார் சாலமன். குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது. “உங்களைக் கேக்காம ஒருத்தர் உங்க பேர்ல இத்தனை வருஷம் எல்லாம் பண்ணியிருக்காரு. ஜெயிச்சு வந்த நீங்க எப்படிச் சும்மா இருந்தீங்க?”

“தப்புதான் சார். இந்த ஊட்டுப் பாராளுமன்றம் சும்மாதான் இருந்துச்சு,” என்றாள் பாஞ்சாலை. பிறகு எம்.பி. பக்கம் திரும்பி, “ஐயா, நீங்களும் சும்மாதான இருந்தீங்க? உங்களையும் கேக்காமத்தான் போட்டாங்கன்னு இவரு சொன்னாரு,” என்றாள்.

சபை எம்.பி.யைப் பார்த்தது. ஒப்பந்தம் கண்ட உத்தமர் ஒப்பந்தத்தைக் கண்ணால் கண்டதே இல்லையா என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். தனகோடி தண்ணீர் கேட்டார். சாலமன் தன் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். அடுக்கியதையே மறுபடி அடுக்கினார்.

பாஞ்சாலை எழுந்து நின்றாள். “இப்ப ஒண்ணு பண்ணலாம். சபை இங்கதான் உக்காந்திருக்குது. வாய்க்கால்ல ஷட்டர் வேணுமா வேணாமா? ஒவ்வொருத்தரா கை தூக்குங்க.”

வேண்டும் என்று ஒரு கையும் எழவில்லை. வேண்டாம் என்பதற்கு எழுந்த கைகளை நடராசன் பார்த்தான். உப்பு அரித்து வெளுத்த உள்ளங்கைகள். இத்தனை வருஷமாக ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்று எழுதியிருக்கிறான். அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தான். அவன் கையும், யாரும் சொல்லாமல், பாதி தூரம் போனது.

பாஞ்சாலை தீர்மானத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். சின்னதாக, நேராக. போட்டு முடிக்க நேரமானது. வெற்றிச்செல்வன் குனிந்து பார்த்து, “இதுவா சார் கையெழுத்து? இத்தனூண்டு இருக்கு,” என்றான். கம்பெனி தன் உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் பதிவு செய்யச் சொன்னான். சாலமன் பதிவு செய்தார். மற்ற பழைய காகிதங்களை ஒவ்வொரு கூட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சபையில் வைத்து, கேட்டுக் கேட்டுப் போடுகிறேன் என்று பாஞ்சாலை சொன்னதையும் எழுதிக்கொண்டார்.

“இன்னும் ஒண்ணு பாக்கி,” என்றார். “போலிக் கையெழுத்து. போலீசுல புகார் குடுக்கணும்னா தலைவர்தான் குடுக்கணும். குடுக்கறீங்களா?”

நடராசன் மைக் கம்பத்தை இன்னும் இறுக்கினான். அது கீச்சென்று கத்தியது.

பாஞ்சாலை அவனைப் பார்த்தாள்.  “நான் ஒருத்தியா இங்க நின்னு முடிவு பண்ணா, எனக்கும் இவருக்கும் இன்னா சார் வித்தியாசம்?” சபைப் பக்கம் திரும்பினாள். “என் ஊட்டுக்காரருன்னு பாக்காதீங்க. புகார் குடுக்கலாமா வேணாமா? சொல்லுங்க.”

சின்னோடை கிராம சபையில் உண்மையிலேயே விவாதம் நடந்தது அதுதான் முதல் தடவை. குடுக்கணும் என்றார்கள் சிலர். நம்ம ஆளு, விடுங்க என்றார்கள் சிலர். நடராசன் ஒவ்வொரு வாயாகப் பார்த்தான். ரேஷன் கார்டுக்கு அலையவிட்டவன், வீட்டுமனைக்கு இழுத்தடித்தவன், போன பொங்கலுக்கு வணக்கம் வைத்தபோது திரும்பிப் பார்க்காமல் போனவன் என்று அந்த முகங்களிலெல்லாம் தன்னையே பார்த்தான்.

கடைசியில் மாரியம்மாள் எழுந்தாள். “ஜெயிலுக்கு அனுப்பினா அவன் பாட்டுக்கு உக்காந்து தின்னுக்கினு இருப்பான். வாய்க்கா மூணு மாசமா மண்ணு மூடிக் கெடக்குது. யாரு தூரு வாருவா? அனுப்ப வேணாம்னு சொன்னாலும் நாளைக்கே பழையபடி சட்டைய மாட்டிக்குவான். அனுப்பவும் வேணாம், வுடவும் வேணாம். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வெய்யி.”

ஏகமனதாகத் தள்ளி வைத்தார்கள்.

ஷட்டர் கழன்றது. கம்பெனி வழக்குப் போடவும் இல்லை, போட மாட்டோம் என்று சொல்லவும் இல்லை. அவ்வப்போது டெல்லிக்கு ஒரு கடிதம் எழுதுவதோடு சரி. தனகோடி பாராளுமன்றத்தில் ஒப்பந்தங்களைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். தகவல் திரட்டப்பட்டு வருவதாகப் பதில் வந்தது.

நடராசன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினான். அடுத்த கூட்டம் நடக்கும் அக்டோபர் இரண்டு வரை ஊரில் அவனைப் போல் நல்லவன் கிடையாது. கூப்பிட்ட குரலுக்கு ஓடினான். கிழவிகளை மனு எழுதித் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப் போனான், கீழே பெயர் எழுதும் இடத்தில் பேனாவை அவர்களிடமே கொடுத்தான். பிளக்ஸ் கிழிந்து தொங்கியதைப் பிரித்து மாரியம்மாளின் உப்புக் குவியலுக்குப் போர்த்திக் கொடுத்தான். குழம்பில் உப்பும் சரியாக விழத் தொடங்கியது.

காந்தி ஜெயந்தி கூட்டத்தில் அவன் எல்லோருக்கும் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தான். தெருவிளக்கு முடிந்தது, குடிநீர் முடிந்தது. பாஞ்சாலை அவன் விஷயத்தை எடுத்தாள்.

“வேலை நல்லாத்தான் செய்யறான்,” என்றாள் மாரியம்மாள். “இப்ப முடிச்சு வெச்சா கெட்டுடுவான். குடியரசு தினத்துக்குத் தள்ளலாம்.”

கைகள் எழுந்தன. நடராசன் சுற்றுமுற்றும் பார்த்தான். எதிர்த்து ஓட்டுப் போட்டால் இன்றைக்கே முடிவாகிவிடும். எந்தப் பக்கம் முடிவாகும் என்றுதான் தெரியவில்லை. மெதுவாக அவனும் கையைத் தூக்கினான்.